கரண்டு போனால் 300 உயிர் போச்சு!
வீட்டுக்குள் கடல் மீனுக்குப் பிரசவம் பார்க்கும் ராத்திரிகள்

ராத்திரி 8 மணிக்கு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கையில் டார்ச் லைட்டுடன் இருட்டில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் திருடர்கள் அல்ல.

சிலர் பிரசவம் பார்க்கக் காத்திருப்பவர்கள்!

பிரசவம் மனுஷிக்கு அல்ல. மீனுக்கு. அதுவும் ஆற்று மீன், குளத்து மீன் அல்ல. கடல் மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு ஓட்டுத் துண்டில் 300 முட்டைகள் ஒட்டிக் கிடக்கின்றன. இன்று ராத்திரி பொரியும். பொரிந்த குஞ்சுகளை உடனே வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால், பெற்ற அப்பனும் ஆத்தாளுமே விழுங்கிவிடும்.

அதன் விவரம் வருமாறு:-

சென்னைக்கு வண்ண மீன் புதிது அல்ல. 1985-ல் தீயில் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பாட்டிலில் மீன் வாங்கி வந்த தலைமுறை இன்றைக்குத் தாத்தா ஆகிவிட்டது. இப்போது மீன் என்றால் கொளத்தூர். கப்பி, மோலி, கோல்டு பிஷ், பைட்டர் என்று அங்கே தெருவுக்குத் தெரு கடை.

ஆனால் அவை எல்லாம் நல்ல தண்ணீர் மீன்கள். கப்பி மீனை ஒரு பையன் ஊறுகாய் ஜாடியில் விட்டால்கூட குட்டி போடும். குட்டியும் பிறந்த நிமிஷமே இரை தேடும். முட்டைக் கருவைப் பொடித்துப் போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

கடல் மீன் அப்படி அல்ல. கடைகளில் விற்கும் கடல் வண்ண மீன்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்து வருபவைதான். பிடிக்கும் விதத்திலும் அக்கிரமம் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களில் தொடங்கிய பழக்கம் இது. சயனைடு விஷத்தைத் தண்ணீரில் கரைத்து, பவளப் பாறை இடுக்கில் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கி வெளியே வரும். அள்ளிக்கொள்வார்கள். மீன் பிழைத்தாலும் உள்ளுறுப்பு கெட்டுப் போயிருக்கும். பாறையில் இருக்கும் பவளப் பூச்சிகள் செத்துப்போகும்.

வாங்கி வந்த மீன் பத்து நாளில் செத்தால் நாம் கடைக்காரரைத் திட்டுகிறோம். விஷம் எங்கேயோ நடுக்கடலில் வைத்தது!

"பிடிப்பானேன்? வீட்டிலேயே பொரிக்க வைத்தால் என்ன?" என்ற கேள்விக்கு முதலில் வியாபார முறையில் பதில் சொன்னவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த மார்ட்டின் மோ. 1970-களின் தொடக்கத்தில் அவர் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, விற்பனைக்கே அனுப்பினார். நம் ஊர்ப் பக்கத்தில் மண்டபத்திலும், கேரளத்து விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையங்கள் இந்த வித்தையில் தேறியிருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியது. மண்டபத்தில் மீனவப் பெண்களுக்கே குஞ்சு வளர்க்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

2003-ல் வந்த 'பைண்டிங் நீமோ' கார்ட்டூன் படத்துக்குப் பிறகு இந்த மீனைத் தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் படத்தில் சொல்லாத ஒரு சேதி உண்டு.

மனைவி போனால் கணவனே மனைவி!

கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். கூட்டத்தில் எது பெரிதோ, எது மற்றவற்றை விரட்டி அடிக்கிறதோ, அது பெண்ணாக மாறிவிடும். அதற்கு அடுத்த பெரியது புருஷன். மீதி எல்லாம் எடுபிடி. பெண் செத்துப்போனால் புருஷன் மீன் பெண்ணாக மாறும். எடுபிடிகளில் ஒன்றுக்குப் புருஷன் பதவி கிடைக்கும். ஒருமுறை பெண்ணானால் ஆணாகத் திரும்ப முடியாது.

இதனால் ஜோடி சேர்ப்பவர்களுக்கு ஒரு வசதி. ஆண் எது, பெண் எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு சின்ன மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் போதும். யார் எஜமானி என்பதை அவையே அடித்துப் பிடித்துத் தீர்மானித்துக்கொள்ளும். சின்னது உடம்பை வெடவெடவென்று நடுக்கிக் காட்டினால், 'சரி தாயே' என்று பணிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு முட்டைக்கு மாதக்கணக்கில், சில ஜோடிகளுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டும். கடலில் இவை தங்கும் கடல் தாமரை தொட்டியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மண் சட்டியோ, ஓட்டுத் துண்டோ, டைல்ஸ் துண்டோ சாய்த்து வைத்தால் அதிலேயே முட்டையிடும்.

தொட்டித் தண்ணீர் வைப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். "காசிமேட்டில் கடல் இருக்கிறதே, ஒரு கேன் மொண்டு வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணூர்ப் பக்கம் 2017-லும் 2023-லும் கடலில் எண்ணெய் கலந்ததை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கரைத் தண்ணீரை நம்ப முடியாது. அதனால் பாக்கெட்டில் வரும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்கிக் கரைக்கிறார்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. சமையல் உப்பு கூடவே கூடாது.

கரைக்கும் தண்ணீரும் சாதாரணமாக இருக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் குளோரின். போர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆர்.ஓ. மெஷினில் பிடித்த தண்ணீர் வேண்டும். அந்த மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தால், அதைவிட அதிகமாகக் கழிவாகத் தள்ளும். 2019 கோடையில் நகரமே காலிக் குடத்துடன் லாரிக்கு வரிசையில் நின்றது. அந்த நேரத்தில் மீனுக்குத் தண்ணீர் மாற்றுகிறேன் என்றால் வீட்டில் சண்டை வராமல் இருக்குமா?

வெயில் இன்னொரு தலைவலி. குளிர் நாடுகளில் தொட்டிக்கு ஹீட்டர் போடுகிறார்கள். சென்னை மே மாதத்தில் தொட்டியைக் குளிர வைக்க வேண்டியிருக்கிறது. 26 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. வசதியுள்ளவர்கள் சில்லர் போடுகிறார்கள். மற்றவர்கள் தொட்டியின் மேல் பேனை ஓட விடுகிறார்கள். பேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே கிடக்கும். ஆகவே தினமும் நல்ல தண்ணீரை ஊற்றி அளவைச் சரிக்கட்ட வேண்டும்.

அப்பன்தான் ஆயா

ஜோடி பழகிவிட்டால் 10 நாளைக்கோ 15 நாளைக்கோ ஒருமுறை முட்டை. ஒரு தடவைக்கு இருநூறும் உண்டு, அதற்கு மேல் பல நூறும் உண்டு. முட்டை உருண்டை அல்ல. மாத்திரை போல நீளமாக, 2 அல்லது 3 மில்லி மீட்டர் இருக்கும். முதலில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்.

முட்டையிட்டதோடு பெண்ணின் வேலை பெரும்பாலும் முடிந்தது. காவல் இருப்பது ஆண். வாயால் சுத்தம் செய்யும். துடுப்பால் விசிறும். செத்த முட்டையைத் தின்றுவிடும். தொட்டிக்குள் யார் கையை விட்டாலும் பாய்ந்து கடிக்கும். முதல் தடவை அப்பன் ஆகும் மீன் எல்லா முட்டையையும் தின்று தீர்ப்பதும் உண்டு. இரண்டு மூன்று தடவைக்குள் பொறுப்பு வந்துவிடும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம்.

நாள் ஆக ஆக முட்டை கறுக்கும். உள்ளே கண் தெரியும். ஆறாம் நாள், ஏழாம் நாள் அந்தக் கண்ணில் வெள்ளி போல ஒரு மினுக்கு. அது தெரிந்தால் அன்று ராத்திரியோ மறுநாள் ராத்திரியோ பொரிந்துவிடும்.

விளக்கை அணைத்து ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் நடக்கும். இருட்டுத்தான் சிக்னல். பக்கத்து அறை வெளிச்சம் கதவு இடுக்கில் வந்தால்கூட பிரசவம் தள்ளிப்போகலாம்.

இந்த மாதிரி வீடுகளில் அந்த நேரத்துப் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"ஏங்க, சீரியல் ஓடுது. டி.வி.யை மட்டும் போட்டுக்கட்டுமா?"

"ஒரு மணி நேரம் பொறுத்துக்கோம்மா. வெளிச்சம் பட்டா பொரியாது."

"என் பிரசவத்துக்குக்கூட நீங்க இப்படி முழிச்சிருக்கலை!"

பதில் இராது. பொரிவதற்கு முன்பே பில்டர் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மறந்தால் 3, 4 மில்லி மீட்டர் நீளமே உள்ள குஞ்சுகளை மோட்டார் உறிஞ்சி அரைத்துவிடும். பிறகு டார்ச் லைட்டைத் தொட்டியின் ஒரு மூலையில் அடிக்க வேண்டும். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி மூலைக்குக் கூட்டமாக வரும். கண்ணும் ஒரு நூல் இழையும் போலத்தான் இருக்கும். வலை போட்டு அள்ளினால் அத்தனையும் சாவு. டம்ளரால் தண்ணீரோடு மொண்டு எடுக்க வேண்டும், அல்லது காற்று டியூப்பால் மெதுவாக இறக்க வேண்டும்.

சிலர் இந்த வம்பே வேண்டாம் என்று, அன்று சாயந்திரமே முட்டை ஒட்டிய ஓட்டை எடுத்துத் தனித் தொட்டியில் வைத்துவிடுகிறார்கள். அப்பன் விசிறுவதற்குப் பதிலாக ஏர் ஸ்டோனில் வரும் குமிழி விசிறும்.

குஞ்சுத் தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடுகிறார்கள். திருஷ்டிக்காக அல்ல! கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் திரும்பினால், குஞ்சுகள் அதை நோக்கிப் போய்ப் போய் முட்டி, சாப்பிடாமல் செத்துப்போகும்.

4 லட்சம் பேருக்குச் சாப்பாடு

இனிமேல்தான் உண்மையான பாடு.

இந்தக் குஞ்சு பொடித் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இரை அதன் கண் முன்னால் நகர வேண்டும். வாய்க்குள் நுழையும் அளவில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற இரை ரோட்டிபர் என்ற கடல் நுண்ணுயிர். ஒரு மில்லி மீட்டரைப் பத்தாகப் பிரித்தால் ஒன்றிரண்டு பங்குதான் அதன் உடம்பு. கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பார்த்தால் தூசி நடமாடுவது போலத் தெரியும்.

ஒரு மில்லி லிட்டர் தண்ணீரில் 10 ரோட்டிபராவது இருந்தால்தான் குஞ்சின் வாய் முன்னால் எப்போதும் இரை இருக்கும். 40 லிட்டர் தொட்டி என்றால் 4 லட்சம் ரோட்டிபர்! தின்று குறைந்ததை மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். இவற்றை எந்தக் கடையில் எடை போட்டு வாங்குவது? பக்கெட்டில் வளர்த்துத்தான் ஆக வேண்டும். அதுவும் முட்டை பொரிவதற்கு வாரக்கணக்கில் முன்பே. மீன் முட்டையிட்ட பிறகு ரோட்டிபர் தேடி அலைவது, வலி எடுத்த பிறகு ஆஸ்பத்திரி கட்டக் கிளம்புவது மாதிரி.

ரோட்டிபருக்கு என்ன சாப்பாடு? நானோகுளோராப்சிஸ் என்ற கடல் பாசி. பாட்டிலில் பச்சையாக வளரும். கூழாகவும் விற்கிறார்கள். அதை பிரிட்ஜில் வைக்க வேண்டும்.

"பிரிட்ஜில என்னடா இது, புதினா சட்னியா?"

"ஐயோ அம்மா, தொடாதே! அது பாசி!"

"சாப்பாட்டு பண்டத்துக்கு நடுவுலயா பாசியை வைக்கறே?"

இந்தப் பாசியைக் குஞ்சுத் தொட்டியிலும் கொஞ்சம் கலக்கிறார்கள். அதற்குப் பெயர் பச்சைத் தண்ணீர். நம் ஊரில் பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர். இங்கே நிஜமாகவே பச்சைத் தண்ணீர். அதில் ரோட்டிபரும் பட்டினி கிடக்காது. வெளிச்சமும் மட்டுப்படும்.

ரோட்டிபர் பக்கெட் ஒரு நாள் திடீரென்று நாறும். தீனி அதிகமாகிவிட்டது, அல்லது வேறு பூச்சி புகுந்துவிட்டது. காலையில் இருந்த லட்சக்கணக்கான ரோட்டிபர் சாயந்திரம் காலி! அதனால் விவரமானவர்கள் இரண்டு பக்கெட்டுகளை இரண்டு வேறு இடங்களில் வைக்கிறார்கள். ஒன்றில் விட்ட குவளையை மற்றதில் விடுவதில்லை. ரோட்டிபரை அரித்து எடுக்க 53 மைக்ரான் சல்லடைத் துணி. பழைய வேட்டியில் வடிகட்டினால் நடக்காது.

ஒரு வாரம் கழிந்ததும் குஞ்சின் வாய் கொஞ்சம் பெரிதாகும். அப்போது ஆர்ட்டீமியா என்ற சின்ன இறால் பூச்சி. அதன் முட்டை காய்ந்த பொடியாக டப்பாவில் வரும். அமெரிக்காவின் உட்டா மாநிலத்து கிரேட் சால்ட் ஏரிதான் இதற்குப் பேர்போன இடம். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு. தலைகீழாகக் கவிழ்த்த 2 லிட்டர் சோடா பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, பொடியைப் போட்டு, காற்றை பலமாக விட்டால் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து. மேலே மிதக்கும் வெற்று ஓட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் குஞ்சின் குடலை அடைத்துக்கொள்ளும்.

கரண்டு போனால்...

குஞ்சுத் தொட்டிக்குப் பெரிய மோட்டார் கிடையாது. ஒரு சின்ன ஏர் பம்ப்தான். நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி. அது நின்றால் தண்ணீர் அசையாது. ரோட்டிபர் பக்கெட்டிலும் காற்று நிற்கும். சில மணி நேரத்தில் இரண்டும் போச்சு.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மனுஷனுக்கே பாலும் மெழுகுவர்த்தியும் கிடைக்காத நேரத்தில் மீன் குஞ்சுக்காக யார் அழுவது என்று கேட்கலாம். ஆனால் இரண்டு வாரம் ராத்திரி தூங்காமல் வளர்த்தவருக்கு அந்தக் கணக்கு வேறு. டம்ளரில் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் காற்று கலக்கும். எத்தனை மணி நேரம் கை தாங்கும்?

ஏர் பம்ப்புக்கு ஆகும் மின்சாரம் சில வாட்தான். பாட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றை வாங்கி வைத்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஆயிரக்கணக்கில் மீனுக்குச் செலவழித்துவிட்டு இதை வாங்காமல் இருப்பவர்களை என்ன சொல்வது?

கரண்டு இருந்தாலும் கண்டம் தீராது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஒரு சாவு அலை. சரியாகச் சாப்பிடாத குஞ்சுகள் வயிற்றுக் கருவின் சத்து தீர்ந்ததும் விழும். அடுத்தது எட்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள். அப்போதுதான் குஞ்சு உருமாறி, வெள்ளைப் பட்டை தோன்றி, நடுத் தண்ணீரை விட்டு அடிப்பக்கம் இறங்கும். உடம்புக்குள் நடக்கும் அந்த மாற்றத்தைத் தாங்காமல் பல குஞ்சுகள் சாகும். இதற்கிடையே கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். தினமும் டியூப்பால் அடி அழுக்கை உறிஞ்சி, புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குளுகோஸ் ஏற்றுவது போல! டியூப்பில் ஒரு முடிச்சுப் போட்டால் சொட்டு சரியாக விழும்.

பழகிய கைக்குப் பாதிக்கு மேல் தேறும். புதுக் கைக்கு 300-ல் 10 தேறினாலே தீபாவளிதான். முதல் தடவை ஒன்றுமே மிஞ்சாமல் போனவர்கள் ஏராளம்.

தேறிய குஞ்சு விற்கும் அளவுக்கு, அதாவது ஒரு அங்குலம் வளர மூன்று நான்கு மாதம். பட்டை அரைகுறையாக வந்த மீனுக்குக் கடையில் கிராக்கி இல்லை. ஆனால் பட்டை தாறுமாறாகக் கோணிக்கொண்டு அழகாக வந்துவிட்டால் 'பிகாசோ' என்று பெயர் வைத்துப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அது ஜாதி வழியாக வருவது. அதிர்ஷ்டத்தை நம்பி அதற்காக இறங்க வேண்டாம். உப்பு, பாசி, கரண்டு பில் எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு ஜோடியை வைத்து லாபம் பார்ப்பது கஷ்டம்.

கம்பி எண்ண வைக்கும் மீன்

ஆசைப்பட்டு எதை வேண்டுமானாலும் தொட்டியில் விடலாம் என்று நினைக்கக்கூடாது. கடல் குதிரையும், உயிருள்ள பவளமும் 2001-ல் காட்டு உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது! முதல் பட்டியல் உயிரைப் பிடித்தாலோ விற்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். "கடைக்காரர்தான் சார் கொடுத்தாரு" என்றால் எந்த ரேஞ்சரும் விடமாட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போய் மீனோ பாறையோ எடுப்பதும் குற்றம்.

ராத்திரிக் கண் விழிப்பும் ரோட்டிபரும் வேண்டாம், ஆனால் ஒரு கடல் மீன் குஞ்சையாவது வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மீன் இருக்கிறது. பங்காய் கார்டினல். இந்தோனேசியாவில் சுலவேசி பக்கத்தில் உள்ள பங்காய் தீவுகள்தான் அதன் பூர்வீகம். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை. பெண் இடும் முட்டையை ஆண் அப்படியே வாயில் வாங்கிக்கொள்ளும். சுமார் மூன்று வாரத்தில் வாய்க்குள்ளேயே பொரியும். பொரிந்த பிறகும் சில நாள் துப்பாது. ஏறத்தாழ ஒரு மாதம் அப்பன் பட்டினி! வெளியே வரும் குஞ்சு அப்பனைப் போலவே முழு உருவத்தில், நேராக ஆர்ட்டீமியா தின்னும் அளவில் இருக்கும். எண்ணிக்கைதான் குறைவு. ஒரு தடவைக்குச் சில பத்துகள்.

அந்தக் குஞ்சுகள் கடலில் முள்ளெலி போன்ற கடல் முள்ளியின் முட்களுக்கு நடுவே ஒளிந்து வாழும். தொட்டியில் முள்ளிக்கு எங்கே போவது? வயர் கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் டேக்கை ஒரு பந்தைச் சுற்றிக் குத்தி வைத்தால் போதும். குஞ்சுகள் நம்பிவிடும்.

கோமாளி மீன்காரர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. குஞ்சுகள் பட்டை போட்டு இறங்கும் நேரத்தில், பெரிய தொட்டியில் எஜமானி அம்மாள் ஓட்டுத் துண்டை மறுபடி வாயால் தேய்த்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருக்கும். இன்னும் இரண்டு நாளில் அடுத்த முட்டை. முதல் பக்கெட் ரோட்டிபரை அதற்குள் அரித்து எடுத்து, பாசி ஊற்றி, புதிதாக வைத்தாக வேண்டும்.